பிரியும் செல்லை ஆன்டிபாடி எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

திசு ஒன்றை முடியைவிட மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான செல்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு கரு. பெரும்பாலானவை ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். இவற்றில் எவை பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன, எவை பிரிவதை நிறுத்திவிட்டுத் தம் வேலையைப் பார்க்கின்றன? புற்றுநோயை ஆராய்பவருக்கும் காயம் ஆறுவதை ஆராய்பவருக்கும் மூளையில் புது நரம்புச் செல் பிறக்கிறதா என்று தேடுபவருக்கும் இதே கேள்விதான். பார்த்த மாத்திரத்தில் விடை சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதிலிருந்து தொடங்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வால்தர் ஃபிளெம்மிங் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் சாலமாண்டர் லார்வாக்களின் செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தார். கருவுக்குள் நூல்நூலாக ஏதோ திரள்வதையும், அது வரிசைகட்டி நின்று இரண்டு பக்கமாகப் பிரிந்து போவதையும் படம் வரைந்து காட்டினார். கிரேக்க மொழியில் நூலைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'மைட்டாசிஸ்' என்ற பெயரை வைத்தவரும் அவரே. அந்தக் காட்சியை இன்றும் சாதாரணச் சாயத்தில் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், அது சீக்கிரம் முடிந்துவிடும். ஆய்வகத்தில் வளரும் மனிதச் செல் ஒன்று ஒருமுறை பிரிந்து அடுத்தமுறை பிரிய ஏறக்குறைய 24 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்றால், அதில் கண்ணுக்குத் தெரிகிற மைட்டாசிஸ் சுமார் 1 மணி நேரம். ஆக, தட்டில் உள்ள அத்தனை செல்லும் மும்முரமாகப் பெருகிக்கொண்டிருந்தாலும், நீங்கள் எட்டிப்பார்க்கும் கணத்தில் நூற்றுக்கு மூன்று நான்குதான் அந்தக் கோலத்தில் அகப்படும். மீதி எல்லாம் பிரிவதற்கான ஏற்பாட்டில் இருக்கின்றன. முகத்தில் மட்டும் அது தெரியவில்லை.

அந்த ஏற்பாட்டைத்தான் செல் சுழற்சி என்கிறோம். முதலில் ஜி1 என்ற கட்டம். செல் வளர்கிறது, பிரியலாமா என்று நிலைமையைப் பார்க்கிறது. அடுத்து எஸ் கட்டம். இங்கேதான் டிஎன்ஏ முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. ஒரு மனிதச் செல்லில் 600 கோடிக்கும் மேற்பட்ட டிஎன்ஏ எழுத்துகள் இருக்கின்றன. அத்தனையையும் நகலெடுக்கச் சுமார் 8 மணி நேரம் ஆகும். அப்புறம் ஜி2 என்ற சின்ன இடைவெளி. பிறகு எம், அதாவது ஃபிளெம்மிங் பார்த்த மைட்டாசிஸ். இந்தச் சுழற்சியை விட்டு வெளியே வந்து நிற்கும் செல்லை ஜி0 நிலையில் இருப்பதாகச் சொல்வார்கள். உடம்பில் பெரும்பாலான செல்கள் எந்த நேரத்திலும் ஜி0வில்தான் இருக்கின்றன.

சரி, ஜி1இல் இருக்கும் செல்லையும் ஜி0வில் இருக்கும் செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் உள்ளே வித்தியாசம் உண்டு. சுழற்சியில் இருக்கும் செல் சில புரதங்களைத் தயாரிக்கிறது. சில புரதங்களின் மேல் தற்காலிகமாக ஒரு வேதிக்குறியை வைக்கிறது. வெளியிலிருந்து டிஎன்ஏவுக்கான மூலப்பொருளை உறிஞ்சிக்கொள்கிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு தடயம். அந்தத் தடயத்தைத் தேடிப் பிடிக்கும் கருவிதான் ஆன்டிபாடி.

பிடிக்கும் கை, ஒளிரும் வால்

ஆன்டிபாடி என்பது நம் நோயெதிர்ப்பு மண்டலம் தயாரிக்கும் புரதம். பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்பீர்கள். ஆங்கில ஒய் எழுத்தின் வடிவம், 10 நானோமீட்டர் அளவு. ஒய்யின் இரு கைகளின் நுனியும் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறின் ஒரு குறிப்பிட்ட மேடுபள்ளத்தில் மட்டும் பொருந்தும்படி அமைந்திருக்கும். உடம்புக்குள் அது கிருமியைப் பிடிக்கிறது. ஆய்வகத்தில் நாம் அதற்கு வேறு வேலை கொடுக்கிறோம். நமக்கு வேண்டிய புரதத்தை முயலுக்கோ சுண்டெலிக்கோ ஊசி மூலம் செலுத்தினால், அந்த விலங்கின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி ஆன்டிபாடி தயாரிக்கும். அதை எடுத்து நாம் பயன்படுத்துகிறோம்.

ஆனால் ஆன்டிபாடியைக் கண்ணால் பார்க்க முடியாது. அதன் வாலில் எதையாவது கட்டிவிட வேண்டும். 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் என்பவர் தம் சகாக்களுடன் இதைச் செய்து காட்டினார். நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியாவைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை ஒட்டினார்கள். முதலில் ஒட்டிய சாயம் நீலமாக ஒளிர்ந்தது. திசுக்களுக்கே இயல்பாக ஒரு நீல ஒளிர்வு உண்டு என்பதால் எது சாயம், எது திசு என்று பிரிப்பது கஷ்டமாகிவிட்டது. அடுத்த ஆண்டே பச்சையாக ஒளிரும் ஃபுளோரசினுக்கு மாறிக்கொண்டார்கள். இன்றும் ஆய்வகங்களில் பச்சை நிறம் என்றால் பெரும்பாலும் அந்தச் சாயமோ அதன் வழிவந்த சாயமோதான். நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சை ஒளியைத் திருப்பித் தரும்.

வாலில் சாயம்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. ஒரு நொதியைக் கட்டலாம். நிறமற்ற ஒரு வேதிப்பொருளைக் கொடுத்தால் நொதி இருக்கும் இடத்தில் அது பழுப்பு நிறப் படிவாக மாறும். சாதாரண நுண்ணோக்கியே போதும், நிறமும் வருடக்கணக்கில் மங்காது. மருத்துவமனைகளின் நோய்க்குறியியல் பிரிவில் பழுப்பு நிறக் கருக்களாகப் பார்ப்பவை இந்த வகை. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு என்றால் தங்கத் துகளைக் கட்டுவார்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. முதல் ஆன்டிபாடியில் எதையும் ஒட்டாமல் விட்டுவிட்டு, அதைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியில் சாயத்தை ஒட்டுவது. முதலாவது முயலில் செய்தது என்றால், முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஓர் ஆட்டு ஆன்டிபாடி வாங்கினால் போதும். ஒரு முதல் ஆன்டிபாடியின் மேல் பல இரண்டாம் ஆன்டிபாடிகள் போய் ஒட்டுவதால் வெளிச்சம் கூடும். செலவும் மிச்சம், ஏனென்றால் அதே இரண்டாம் ஆன்டிபாடியை முயலில் செய்த எந்த முதல் ஆன்டிபாடிக்கும் பயன்படுத்தலாம். எதற்கு இந்தச் சுற்றுவழி என்று தொடக்கத்தில் எல்லோருக்கும் தோன்றும். இரண்டு தடயங்களை ஒரே சீவலில் இரண்டு நிறத்தில் பார்க்கும்போது அதன் அருமை புரியும்.

விலங்கின் இரத்தத்திலிருந்து நேரடியாக எடுக்கும் ஆன்டிபாடி ஒரு கலவை. ஒவ்வொன்றும் இலக்கின் வெவ்வேறு பகுதியைப் பிடிக்கும், விலங்குக்கு விலங்கு மாறும். 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும் ஆன்டிபாடி தயாரிக்கும் ஒரு செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே மாதிரியான ஆன்டிபாடியை ஓயாமல் சுரக்கும் செல் வரிசையை உருவாக்கினார்கள். இதற்குத்தான் மோனோகுளோனல் ஆன்டிபாடி என்று பெயர். 1984இல் நோபல் பரிசு வந்தது. பிரியும் செல்லைத் தேடும் கதையில் இது ஒரு திருப்பம். இதற்குப் பின் பத்தே ஆண்டுக்குள் இந்தத் துறையின் முக்கியமான இரண்டு ஆன்டிபாடிகள் வந்துவிட்டன.

தூண்டிலில் போலி எழுத்து

அந்த இரண்டில் முன்னே வந்ததைப் பற்றிச் சொல்லும் முன், அதற்கு முந்தைய வழியைச் சொல்லியாக வேண்டும். டிஎன்ஏவில் இருக்கும் நான்கு எழுத்துகளில் 'டி' என்பதற்கான மூலப்பொருள் தைமிடின். இது டிஎன்ஏவுக்கு மட்டுமே பயன்படுகிறது, ஆர்என்ஏவுக்குத் தேவையில்லை. ஆகவே கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த தைமிடினைச் செல்லுக்குக் கொடுத்தால், டிஎன்ஏவை நகலெடுக்கும் செல் மட்டும் அதை எடுத்துத் தன் டிஎன்ஏவில் கோத்துக்கொள்ளும். 1957இல் ஹெர்பர்ட் டெய்லரும் சகாக்களும் ஒருவகை அவரையின் வேர்நுனியில் இதைச் செய்து, புதிய டிஎன்ஏ குரோமோசோம்களில் எப்படிப் பகிரப்படுகிறது என்று கண்டார்கள். அருமையான முறை. ஆனால் ஸ்லைடின் மேல் புகைப்படப் பசையைப் பூசி இருட்டில் வாரக்கணக்கில் வைக்க வேண்டும். கதிர்வீச்சு அந்தப் பசையில் கருப்புப் புள்ளிகளாகப் பதிவாகும்வரை காத்திருக்க வேண்டும். விடை வருவதற்குள் கேள்வியே மறந்துவிடும்.

கதிரியக்கத்துக்குப் பதிலாக வந்ததுதான் பிஆர்டியூ. முழுப்பெயர் புரோமோடியாக்ஸியூரிடின். தைமிடினில் ஒரு மூலையில் மெத்தில் தொகுதி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புரோமின் அணுவை வைத்தால் பிஆர்டியூ. மெத்திலும் புரோமினும் ஏறக்குறைய ஒரே பருமன். அதனால் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி ஏமாந்துபோய், அசல் தைமிடின் என்று நினைத்து இதைக் கோத்துவிடுகிறது. ஆனால் ஆன்டிபாடி ஏமாறுவதில்லை. அசல் எழுத்தை விட்டுவிட்டுப் போலியை மட்டும் பிடிக்கும்படி ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடியை ஹோவர்ட் கிராட்ஸ்னர் 1982இல் வெளியிட்டார். வாரக்கணக்கில் காத்திருந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது.

செயல்முறை எளிது. செல்கள் வளரும் ஊட்டக் கரைசலில் பிஆர்டியூவைக் கலந்து அரைமணியோ ஒரு மணி நேரமோ வைத்திருக்க வேண்டும். விலங்கு என்றால் ஊசி. அப்புறம் செல்களை ஃபார்மலின் போன்ற ஒன்றில் பதப்படுத்தி அந்த நிலையிலேயே நிறுத்திவிட்டு ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் யார் எஸ் கட்டத்தில் இருந்தார்களோ அவர்களின் கருக்கள் ஒளிரும்.

இதில் புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நானும் விழுந்திருக்கிறேன். டிஎன்ஏ இரண்டு இழைகளாக முறுக்கிக்கொண்டு, எழுத்துகளை உள்ளே மறைத்து வைத்திருக்கிறது. எதிரிழையோடு கைகோத்திருக்கும்வரை ஆன்டிபாடியால் பிஆர்டியூவைப் பிடிக்க முடியாது. ஆகவே முதலில் இழைகளைப் பிரித்துவிட வேண்டும். வழக்கமாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரைமணி நேரம் ஊறவைத்து, பிறகு போரேட் கரைசலால் அமிலத்தைச் சமன்செய்வார்கள். சூடாக்கியும் செய்யலாம், டிஎன்ஏவை வெட்டும் நொதி கொண்டும் செய்யலாம். முதல்முறை நான் செய்தபோது அமிலக் குடுவை பக்கத்திலேயே இருந்தது, அந்தப் படியை மட்டும் தாண்டிவிட்டேன். இரண்டு நாள் வேலைக்குப் பின் நுண்ணோக்கியில் கும்மிருட்டு. நல்லவேளை, ஒப்பீட்டுக்காகச் சிறுகுடல் சீவல் ஒன்றையும் கூடவே வைத்திருந்தேன். சிறுகுடலின் உட்சுவர் சுண்டெலியில் சில நாட்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. அதன் குழிகளின் அடியில் எப்போதும் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். அதுவும் இருட்டாக இருந்தால் கோளாறு திசுவில் இல்லை, கையில்தான்.

அந்த அமிலம் இன்னொரு தலைவலியும் தரும். பிஆர்டியூவோடு சேர்த்து வேறு ஒரு புரதத்தையும் பார்க்க வேண்டும் என்றால், அமிலம் அந்தப் புரதத்தின் வடிவத்தைக் குலைத்துவிடலாம். அப்போது அந்த இரண்டாவது ஆன்டிபாடிக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. 2008இல் வந்த இடியூ என்ற மாற்று இந்தத் தொல்லையைத் தீர்த்தது. அதில் புரோமினுக்குப் பதில் ஒரு சின்ன ஆல்கைன் கொக்கி இருக்கிறது. அதோடு ஒட்டிக்கொள்ளும் அஸைடு தொகுதி கொண்ட சாயத்தைத் தாமிர வினையூக்கியோடு கொடுத்தால் இரண்டும் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். சாயம் ஆன்டிபாடியை ஒப்பிடும்போது மிகச் சின்னது என்பதால் இழைகளைப் பிரிக்காமலே உள்ளே நுழைந்துவிடும். இந்த வகை வேதியியலுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. கறாராகப் பார்த்தால் இங்கே ஆன்டிபாடியே இல்லை. ஆனாலும் பிஆர்டியூவைப் பற்றிப் பேசும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

பிஆர்டியூவுக்கு இருக்கும் பெரிய பலம், அது அழியாத முத்திரை என்பது. இன்று கொடுத்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் அன்று நகலெடுத்த டிஎன்ஏவில் அது இருக்கும். அன்று பிறந்த செல் இன்று எங்கே போயிருக்கிறது, என்னவாக வளர்ந்திருக்கிறது என்று பின்தொடரலாம். அதே சமயம் அந்தச் செல் மேலும் மேலும் பிரிந்துகொண்டே போனால் முத்திரை ஒவ்வொரு பிரிவிலும் பாதியாகி, கடைசியில் காணாமல் போய்விடும். மாதக்கணக்கில் முத்திரையைக் கலையாமல் வைத்திருக்கும் செல் அபூர்வமாகப் பிரியும் செல். மற்ற செல்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்களைத் தேடியவர்கள் இந்தக் குணத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

புரோமினுக்குப் பதில் குளோரினோ அயோடினோ வைத்த போலிகளும் உண்டு. குளோரின் கொண்டதை முதலில், சில மணி நேரம் கழித்து அயோடின் கொண்டதைக் கொடுத்து, ஒன்றுக்குப் பச்சை, இன்னொன்றுக்குச் சிவப்பு என்று இரண்டு ஆன்டிபாடிகளால் பார்க்கலாம். பச்சை மட்டும் தெரிந்தால் அந்தச் செல் நடுவில் எஸ் கட்டத்தை முடித்துவிட்டது. சிவப்பு மட்டும் என்றால் இப்போதுதான் நுழைந்தது. இரண்டும் தெரிந்தால் இன்னும் உள்ளேயே இருக்கிறது. இந்த எண்ணிக்கைகளிலிருந்து எஸ் கட்டம் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

எதையும் ஊட்டாமல் பார்ப்பது

பிஆர்டியூவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. செல் உயிரோடு இருக்கும்போதே அதைக் கொடுத்திருக்க வேண்டும். நோயாளியிடமிருந்து ஏற்கெனவே வெட்டியெடுத்த கட்டியில் எப்படிக் கொடுப்பது? அங்கே செல் தானாகவே தயாரிக்கும் தடயம்தான் உதவும். அதில் பேர்பெற்றது கேஐ-67.

இது கிடைத்த கதை சுவையானது. ஜெர்மனியின் கீல் நகரில் யோகான்னஸ் கெர்டஸ், ஹாரால்ட் ஸ்டைன் குழுவினர் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றின் செல்களை மட்டும் அடையாளம் காட்டும் ஆன்டிபாடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 96 குழிகள் கொண்ட தட்டில் 67ஆம் குழியிலிருந்து வந்த ஆன்டிபாடி அந்தப் புற்றுக்கு என்று தனியாக வேலை செய்யவில்லை. எந்தத் திசுவாக இருந்தாலும் பிரியும் செல்களின் கருவை மட்டும் பிடித்தது. 1983இல் அதை வெளியிட்டார்கள். கீல் நகரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் முதலிரு எழுத்துகளும் (கே, ஐ) குழியின் எண்ணும் சேர்ந்து பெயராயின. தேடிப்போனது ஒன்று, கிடைத்தது அதைவிடப் பெரிது. முதலில் பெயர் வாங்கியது ஆன்டிபாடிதான். அது பிடிக்கும் புரதத்துக்கும் பின்னாளில் அதே பெயர் நிலைத்துவிட்டது.

கேஐ-67 ஜி1, எஸ், ஜி2, எம் எல்லாக் கட்டங்களிலும் இருக்கும், ஜி0வில் மட்டும் இருக்காது. ஆகவே அது ஒளிரும் செல் சுழற்சிக்குள் இருக்கிறது என்று சொல்லலாம். கட்டியின் நூறு செல்களில் எத்தனை செல்லில் இது தெரிகிறது என்ற சதவீதத்தை மருத்துவர்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள். செரிமான மண்டலத்தில் ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளைத் தரம்பிரிக்கும்போது 3 சதவீதத்துக்குக் கீழே என்றால் முதல் தரம், 3இலிருந்து 20 வரை இரண்டாம் தரம், 20க்கு மேல் மூன்றாம் தரம். மைட்டாசிஸ் எண்ணிக்கையையும் கூடவே பார்ப்பார்கள். எல்லைக்கு அருகில் இருக்கும் ஒரு கட்டியில் எந்தப் பகுதியை எண்ணினோம், மங்கலான பழுப்பைக் கணக்கில் சேர்த்தோமா இல்லையா என்பதெல்லாம் பெரிய விஷயமாகிவிடும். எண்ணுவது எளிது என்று யாராவது சொன்னால் அவரை 500 கருக்களை எண்ணச் சொல்லுங்கள்.

இந்தப் புரதம் செல்லுக்குள் என்ன செய்கிறது என்று வெகுகாலம் யாருக்கும் தெரியாது. தெரியாமலே அடையாளக்குறியாகப் பயன்படுத்தி வந்தார்கள். 2016இல்தான், மைட்டாசிஸின்போது குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் சோப்பு போல அவற்றின் மேற்பரப்பில் நின்று விலக்கிவைக்கிறது என்று காட்டினார்கள். இன்னொரு வேடிக்கை, அந்தப் புரதத்தை நீக்கிவிட்டாலும் செல்கள் பிரியத்தான் செய்கின்றன. பிரிதலுக்கு அது அடையாளம், அதற்குக் காரணம் இல்லை.

பிசிஎன்ஏ என்ற இன்னொரு புரதம் டிஎன்ஏவைச் சுற்றி வளையம்போல் மாட்டிக்கொண்டு, நகலெடுக்கும் நொதி நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களின் இரத்தத்தில் இருந்த ஆன்டிபாடி மூலம்தான் 1978இல் இது தெரியவந்தது. டிஎன்ஏ பழுதுபார்க்கும்போதும் இது தேவைப்படும். செல் சுழற்சியை விட்டு விலகிய பிறகும் கொஞ்ச நேரம் கரைந்துபோகாமல் தங்கியிருக்கும். அதனால் பிரிதலைக் காட்ட இதை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எம் கட்டத்தை மட்டும் பிடிக்க வேண்டும் என்றால் ஹிஸ்டோன் ஹெச்3 கைகொடுக்கும். இது டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் கட்டைகளில் ஒன்று, எல்லாச் செல்லிலும் இருக்கும். ஆனால் குரோமோசோம்கள் சுருங்கித் திரளும் வேளையில் அதன் 10ஆவது அமினோ அமிலமான செரினில் ஒரு பாஸ்பேட் தொகுதி ஏறிக்கொள்கிறது. பிரிதல் முடிந்ததும் இறங்கிவிடுகிறது. அந்தப் பாஸ்பேட்டோடு இருக்கும் ஹெச்3யை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடிகள் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட புரதத்தில் ஒரு சின்னத் தொகுதி இருக்கிறதா இல்லையா என்று அறியும் அளவுக்கு ஆன்டிபாடியின் கை கூர்மையானது.

ஒளிர்ந்தால் பிரிகிறது என்று அர்த்தமா?

இப்போது ஒரே திசுவை மூன்றாகப் பிரித்து மூன்று ஆன்டிபாடிகளைப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கேஐ-67இல் நூற்றுக்கு 30 செல் தெரிகிறது, ஒரு மணி நேரம் ஊட்டிய பிஆர்டியூவில் 12, பாஸ்பேட் ஏறிய ஹெச்3யில் 2. எண்கள் என் கற்பனைதான், ஆனால் இந்த மாதிரி வித்தியாசம் வருவது சகஜம். எது சரி? மூன்றும் சரி. முதலாவது சுழற்சிக்குள் இருப்பவர்களை எண்ணியது, இரண்டாவது அந்த ஒரு மணி நேரத்தில் நகலெடுத்தவர்களை, மூன்றாவது பிரிந்துகொண்டிருப்பவர்களை. ஆய்வுக்கட்டுரைகளில் மூன்றுக்கும் 'பெருகும் செல்கள்' என்று ஒரே பெயர் வைத்துவிடுவதுதான் குழப்பத்துக்கு வேர்.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. டிஎன்ஏவை நகலெடுத்த செல் கட்டாயம் இரண்டாகப் பிரிந்தாக வேண்டும் என்பதில்லை. கல்லீரல் செல்கள் பலவற்றில் வழக்கத்தைவிட இருமடங்கு, நான்மடங்கு டிஎன்ஏ இருக்கும். நகலெடுத்துவிட்டுப் பிரியாமலே நின்றுவிட்டவை அவை. சுண்டெலி பிறந்த சில நாட்களில் அதன் இதயத்தசைச் செல்களில் கரு மட்டும் இரண்டாகும், செல் ஒன்றாகவே இருக்கும். இங்கே பிஆர்டியூவும் ஒளிரும், கேஐ-67உம் ஒளிரும், ஹெச்3யும் ஒளிரும். செல் எண்ணிக்கை மட்டும் கூடாது. இதயம் தன்னைச் சரிசெய்துகொள்ளுமா என்று ஆராய்பவர்கள் இதனால்தான் இன்னும் ஒருபடி மேலே போய் அரோரா பி என்ற நொதிக்கான ஆன்டிபாடியைப் போடுகிறார்கள். இரண்டு செல்லாக அறுபடும் கடைசிக் கணத்தில், இரண்டையும் இணைக்கும் மெல்லிய பாலத்தில் அது வந்து நிற்கும். அந்தப் பாலம் தெரிந்தால்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

செல்களைத் தனித்தனியாக மிதக்கவிட்டு எண்ணும் ஃபுளோ சைட்டோமீட்டரில் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் கதிரைக் கடந்துபோகும். பிஆர்டியூ ஆன்டிபாடியின் பச்சை ஒரு கணக்கு, மொத்த டிஎன்ஏவோடு ஒட்டும் புரோப்பிடியம் அயோடைடின் சிவப்பு இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் இட்டால், இடது கீழ்மூலையில் ஜி1 செல்கள் குவிந்திருக்கும். டிஎன்ஏ இருமடங்கான ஜி2, எம் செல்கள் வலது கீழ்மூலையில். இரண்டுக்கும் நடுவே எஸ் கட்டச் செல்கள் வில்போல வளைந்து மேலே நிற்கும். அந்த வில்லை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது செல் சுழற்சியின் பாடப்புத்தகப் படம் எனக்கு நிஜமானது. கல்லீரல் போன்ற திசுவில் நான்மடங்கு, எட்டுமடங்குக் குவியல்களும் வலப்பக்கத்தில் தெரியவரும். ஆனால் திசுவில் எது எங்கே இருந்தது என்ற தகவல் போய்விடும்.

ஒளிர்வை நம்பும் முன் செய்ய வேண்டிய சோதனைகளையும் சொல்லிவிடுகிறேன். பிஆர்டியூவே கொடுக்காத விலங்கின் திசுவிலும் அதே ஆன்டிபாடியைப் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒளிர்ந்தால் எங்கோ பொய் இருக்கிறது. முதல் ஆன்டிபாடியைத் தவிர்த்துவிட்டு இரண்டாவதை மட்டும் ஊற்றிய ஒரு சீவலும் வேண்டும். சுண்டெலித் திசுவில் சுண்டெலியில் செய்த ஆன்டிபாடியைப் போட்டால், இரண்டாவது ஆன்டிபாடி திசுவில் இயல்பாகவே இருக்கும் சுண்டெலி ஆன்டிபாடிகளையும் போய்ப் பிடித்துக்கொண்டு எல்லா இடமும் மினுங்கும். சிவப்பணுக்கள் தாமாகவே ஒளிரும். சீவலின் காய்ந்துபோன ஓரங்கள் எந்த ஆன்டிபாடியையும் வம்புக்கு இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். கரு முழுவதும் தெளிவாக ஒளிர்வதுதான் நாம் தேடுவது. கருவுக்கு வெளியே மங்கலாகப் படர்ந்திருப்பதைப் பார்த்து யாராவது 'கிடைத்துவிட்டது' என்றால் ஸ்லைடை வாங்கி நீங்களே ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவு கவனத்துக்கும் காரணம் உண்டு. வளர்ந்த மனித மூளையில் புது நரம்புச் செல் பிறப்பதில்லை என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். மனிதர்களுக்கு ஆய்வுக்காகப் பிஆர்டியூ கொடுக்க முடியாது, அது டிஎன்ஏவில் பிழைகளை உண்டாக்கக்கூடியது. ஆனால் சில புற்றுநோயாளிகளுக்குக் கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அறிவதற்காக மருத்துவர்கள் ஏற்கெனவே அதைக் கொடுத்திருந்தார்கள். பீட்டர் எரிக்சனும் ஃபிரெட் கேஜும் அடங்கிய குழு, அப்படிப்பட்ட 5 பேர் இறந்தபின் அவர்களின் மூளைத் திசுவைப் பெற்று ஆராய்ந்தது. ஹிப்போகேம்பஸ் என்ற நினைவோடு தொடர்புடைய பகுதியில், நரம்புச் செல்லின் அடையாளமும் பிஆர்டியூவும் ஒரே கருவில் சேர்ந்து ஒளிர்ந்தன. 1998இல் வெளியானது. போலி எழுத்தின் அழியாத முத்திரை இல்லாவிட்டால் அந்த விடை கிடைத்திருக்காது.

கதை அதோடு முடியவில்லை. 2018இல் சில வாரங்கள் இடைவெளியில் இரண்டு குழுக்கள் எதிரெதிரான முடிவுகளை வெளியிட்டன. பெரியவர்களின் ஹிப்போகேம்பஸில் புதுச் செல்லைக் காணவே முடியவில்லை என்றது ஒன்று. முதுமையிலும் பிறக்கிறது என்றது மற்றொன்று. இருவரும் இறந்தவர்களின் மூளைச் சீவல்களில் ஆன்டிபாடி போட்டுத்தான் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்பெயினில் ஒரு குழு, திசுவை ஃபார்மலினில் எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்பதைப் பார்த்தது. இளம் நரம்புச் செல்லைக் காட்டும் டபுள்கார்ட்டின் என்ற புரதம், சில மணி நேரமே பதப்படுத்திய திசுவில் நன்றாகத் தெரிந்தது. நேரம் கூடக் கூட ஆன்டிபாடிக்கு எட்டாமல் மங்கிக்கொண்டே போனது. அதே மூளை, அதே ஆன்டிபாடி.